ஆணியில் இல்லாத ஹெல்மெட்

ஒரு ரைஸ் குக்கருக்காக ஒருவன் வேலையை உதறுவானா என்று கேட்டால், உதறுவான் என்பேன். கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் பெண்டாட்டியை இன்னொருத்தன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்பதற்காகக் கப்பல் கப்பலாக ஆள் திரட்டி, பத்து வருஷம் அந்நியக் கடற்கரையில் கூடாரம் போட்டுக் கிடந்த கிரேக்கர்களின் கதையை உலகம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை மட்டும் நம்பக் கசக்கிறதா?

எங்கள் கேம்ப் வளைகுடாவில், கூலியாட்கள் தங்கும் சோனாப்பூரில். வேலை, நகரத்தைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஓர் ஆலையில். வருஷத்தில் ஒரு முறை ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். அந்த நாட்களில் யாருக்கும் யார்மீதும் பொறுமை இருக்காது. சாப்பாடு பாதி, தூக்கம் பாதி, மீதியெல்லாம் டூட்டி.

அங்கே நான் ஹோல் வாட்ச். பெரிய இரும்பு டேங்குகளுக்குள் ஆள் நுழைவதற்கு வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். அதற்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே போகிறவனிடம் அவன் எண் போட்ட டோக்கனை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்று எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உள்ளே என்ன ஆனாலும் நான் மட்டும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. காப்பாற்றப் போகிறவன்தான் அடுத்த பிணம் என்று பயிற்சியில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பது எவ்வளவு கடினம் என்பது கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது.

இங்கே வருவதற்கு முன் ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பிழைப்புக்கு ஆகவில்லை, விட்டேன். வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. அதனால் கேம்ப் சமையலறையில் எங்கள் ரூமுக்கு அடுப்பு முறை வரும்போதெல்லாம், சோறு வேகும்வரை நான் ஏதாவது கதை சொல்ல வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது. அந்த ஷட்டவுனில் ட்ராய் கோட்டைச் சண்டையை ஆரம்பித்திருந்தேன்.

ரூமில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் புதுக்கோட்டைப் பக்கம். ஒருவன் வெல்டர். அவன் வைத்த ஜாயின்ட் எக்ஸ்ரே சோதனையில் தோற்றதே இல்லை என்று கம்பெனியே பெருமை பேசும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்களே, அவனிடம் இரண்டுமே தாராளம். மற்றவன் அவனைவிடக் கொஞ்சம் மூத்தவன், ஃபிட்டர். அதிர்ந்து பேச மாட்டான். வெல்டர் மேல்கட்டிலில், ஃபிட்டர் கீழ்க்கட்டிலில், சுற்றிப் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்திருப்பான். ஃபிட்டர் அவனை மாப்ள என்பான், அவன் ஃபிட்டரை மச்சான் என்பான். உறவு ஒன்றும் கிடையாது. ஒரே ஏஜென்டிடம் ஏமாந்து ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள், அவ்வளவுதான்.

வெல்டருடைய வேலையைப் பார்த்து ஆலைக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் கைதட்டி, பரிசாக ஒரு ரைஸ் குக்கரைக் கொடுத்தார்கள். அவன் அதை மனைவிக்குக் காட்டுவதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தான். ரூமுக்குக் கொண்டுவருவதற்குள் எங்கள் போர்மேன் வழிமறித்தார். “கேம்ப் ரூம்ல கரண்ட் அடுப்பு வைக்கக் கூடாதுன்னு ரூல் தெரியாதா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே அவர் ரூமில் அதில் சோறு வெந்தது. இத்தனைக்கும் அவர் நம்ம ஊர்க்காரர்தான். வேற்று நாட்டுக்காரன் செய்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். வெல்டர் விடவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படுத்தவன், படுத்தவன்தான். ஹெல்மெட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். முன்பக்கம் வேல் படம் ஒட்டிய ஹெல்மெட் அது. தூரத்தில் வரும்போதே யார் என்று தெரியும்.

“டாக்டர் சீட்டு எங்கே?” என்று போர்மேன் ஆள் விட்டார். “குக்கர் எங்கே?” என்று இவன் பதில் அனுப்பினான். கடைசியில் போர்மேனே வந்து வாசலில் நின்றார்.

“நாளைக்கும் டூட்டிக்கு வரலேன்னா விசா கேன்சல். ஃபைனலா சொல்றேன். யல்லா, கிளம்புற வழியப் பாரு. அப்புறம் உன் இஷ்டம்.”

வெல்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். விசா போனால் கல்யாணமும் போகும். இது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் கோபக்காரனுக்குத் தெரிந்தது எதற்கு உதவும்?

அன்று மாலை எங்கள் அடுப்பு முறையில் வேண்டுமென்றே அந்தக் கட்டத்தைச் சொன்னேன். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ரூம். அவன் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

அந்தக் கிரேக்கப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகையால் சமையலறையே பெயர் வைத்திருந்தது. பெரிய ராஜாவுக்குப் பெரிய போர்மேன் என்று பெயர். எதிரிக் கோட்டையின் மூத்த இளவரசன், மூத்தவன். குழந்தையாக இருக்கும்போது தாய் ஒரு காலைப் பிடித்துத் தெய்வ நதியில் முக்கி எடுத்ததால் குதிகாலில் மட்டுமே அடிபடக்கூடிய மகாவீரன், குதிகால்காரன். அவனுக்கு உயிரான நண்பன், கூட்டாளி.

“குதிகால்காரனுக்குச் சண்டையில கிடைச்ச பரிசைப் பெரிய போர்மேன் பறிச்சுக்கிட்டான். அவ்வளவுதான், ஆயுதத்தைக் கீழ போட்டுட்டுக் கூடாரத்துல போய்ப் படுத்துட்டான் நம்மாளு. அவன் இல்லாம கிரேக்கக்காரனுக்கு அடி மேல அடி. கப்பலுக்கே தீ வைக்க வந்துட்டாங்க. இவன் அசையல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவன், “பறிச்ச பொருளை அப்பவே திருப்பிக் குடுத்துட்டான்னு வச்சுக்கங்கண்ணே, கதை சுருக்கமா முடிஞ்சிரும்” என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“இது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா, இஷ்டத்துக்கு மாத்த? மூவாயிரம் வருஷமா ஒருத்தன் வாயிலேர்ந்து இன்னொருத்தன் வாய்க்கு வந்த கதை. நடந்தது நடந்தபடிதான் சொல்லணும்.”

நான் அப்படித்தான். கதையில் ஒரு குதிரையின் நிறத்தைக்கூட யாரையும் மாற்ற விட்டதில்லை.

ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. பருப்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டே, “அப்ப அந்தக் கூட்டாளி என்ன செஞ்சான்?” என்று கேட்டான்.

“அவனா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில குதிகால்காரனோட கவசத்தை எடுத்து மாட்டிக்கிட்டான். அவன் தலைக்கவசம், அவன் கேடயம். பாக்குறவனுக்கெல்லாம் குதிகால்காரனே வந்துட்டான்னு தோணும். அப்படியே சண்டைக்குக் கிளம்பிட்டான்.”

“அப்புறம்?”

அதற்குள் அடுத்த ரூம்காரர்கள் பானையோடு வந்து நின்றார்கள். எங்கள் சோறு இன்னும் வடியவில்லை, அவர்கள் முறை வந்துவிட்டது. வாய்ச்சண்டை ஆரம்பமானது. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு, “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஃபிட்டருக்கு ஆஃப். நைட் டூட்டி முடிந்து பகல் டூட்டிக்கு மாறுவதற்கு நடுவில் ஒரு நாள் கொடுப்பார்கள். நான் கிளம்பும்போது அவன் கட்டிலில் திரை போட்டிருந்தது. மேல்கட்டிலில் வெல்டர் போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்த மாதிரி இருந்தது. விளக்குப் போடாத ரூமில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பஸ்ஸில் ஏறியதும் கடைசி இருக்கையில் வேல் ஒட்டிய ஹெல்மெட்டைப் பார்த்தேன். தலை கவிழ்ந்து, வெயிலுக்கும் தூசிக்கும் நாங்கள் எல்லோரும் கட்டுகிற துணியை மூக்குவரை கட்டி, தூங்குகிறவனாக இருந்தான். கட்டிலில் கிடந்தது வெறும் போர்வைதான் போல, பயல் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மனசு குளிர்ந்தது. கதை வேலை செய்துவிட்டது என்று கர்வம்கூட வந்தது. கோபக்காரனைச் சீண்ட வேண்டாம் என்று பக்கத்தில் போகவில்லை.

ஆலை வாசலில் கார்டைத் தட்டினால் பீப் என்று ஒரு சத்தம், உள்ளே போக வேண்டியதுதான். போர்மேன் அன்று வேறு பக்கத்தில் மீட்டிங்கில் இருந்தார். டேங்க் வாசலில் என்னிடம் டோக்கனை நீட்டிய கை கையுறை போட்டிருந்தது. வெல்டருடைய எண். பலகையில் மாட்டினேன். “வந்துட்டியா, நல்லது” என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். முகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா என்று பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். கண்ணாடி, துணி, ஹெல்மெட், உடம்பு மூடிய கவரால் உடுப்பு எல்லாம் போக அங்கே யாருக்கு முகம் இருக்கிறது? நாங்கள் ஒருவரையொருவர் ஹெல்மெட்டை வைத்துத்தான் அடையாளம் காண்போம். ஷட்டவுனில் வேலை செய்த எவனையும் கேட்டுப் பாருங்கள்.

அவனுக்கு முன்னால் இரண்டு நேபாளிகள் உள்ளே போயிருந்தார்கள். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாக ஆர்கான் என்ற வாயு போகும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றைவிடக் கனமானது, அதனால் பள்ளத்தில் தேங்கும். மூச்சுக்கு உதவாது. இன்னொரு பெரிய குழாயில் புளோயர் நல்ல காற்றை ஊதிக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. தேர்ந்த வெல்டர் எப்போதும் தலையை நிமிர்த்தி, காற்று வரும் பக்கமாகவே உட்காருவான். புதிதாகச் செய்கிறவன் ஜாயின்ட்டையே பார்த்துக் குனிந்துகொண்டு போவான்.

அலாரம் அடித்தது.

பக்கத்து யூனிட்டில் சிறு கசிவு. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, ஆபத்து நேரத்தில் கூடும் இடமான அசெம்பிளி பாயின்ட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். புளோயர் நின்றது. நான் ஸ்பானரை எடுத்து டேங்க் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன். இரண்டு நேபாளிகளும் தவழ்ந்து வந்து டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவது டோக்கன் பலகையிலேயே இருந்தது.

“மாப்ள! டேய் மாப்ள!”

ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்தினேன். உள்ளே குறுக்கே ஒரு இரும்புத் தட்டு, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என் குரல்தான் திரும்பி வந்தது. ஆர்கான் சிலிண்டருக்கு மின்சாரம் தேவையில்லை, அது பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய் அதை மூடினேன். மறுபடி ஓட்டைக்கு வந்தேன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியில் காட்டிய படம் கண்ணுக்கு முன் வந்தது. காலை எடுத்துக்கொண்டேன். பலகையிலிருந்த டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த அசெம்பிளி பாயின்ட்டுக்கு ஓடினேன்.

சேஃப்டி ஆபீசர் வடநாட்டுக்காரர். மூச்சு வாங்க, “அந்தர் ஆத்மி ஹை, பாய்! உள்ள ஆள் இருக்கான்!” என்று டோக்கனை நீட்டினேன். சிலிண்டர் முதுகில் கட்டிய மீட்பு ஆட்கள் வண்டியில் ஏறிக் கசிவு இருந்த பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து எங்கள் போர்மேன் வந்து சேர்ந்தார். டோக்கன் எண்ணைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இவனா? இவன் சிக் லீவுன்னு ரூம்ல படுத்துக் கிடக்கான். காலையில டூட்டிக்கு ஆள் குறைஞ்சா கேம்ப் பாஸ் எனக்குத் தகவல் குடுப்பாரு, குடுத்தாரு.”

“இல்ல சார், என் கையாலதான் டோக்கன் வாங்குனேன்.”

ஆலைக்குள் கொண்டுவர அனுமதி பெற்ற போன் அவரிடம் மட்டும்தான் இருந்தது. கேம்பை மேற்பார்வை பார்க்கிற கேம்ப் பாஸைக் கூப்பிட்டார். அவர் ரூமுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டுவது வரை ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு வெல்டருடைய குரலே வந்தது. “நான் இங்கதான் படுத்திருக்கேன். வரமாட்டேன்னு சொன்னேன்ல? குக்கரைக் குடுத்துட்டுப் பேசச் சொல்லு!”

போர்மேன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சேஃப்டி ஆபீசர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய டோக்கன் பலகையிலேயே கிடந்திருக்கிறது, ஹோல் வாட்ச் கிழவன் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டினார். “அந்தர் கோயி நஹி. கலாஸ்” என்றார். உள்ளே யாரும் இல்லை, விஷயம் முடிந்தது. மீட்பு வண்டிக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

அந்த ஹெல்மெட் உள்ளே போனதை நான் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரன் சோனாப்பூரில் பேசுகிறான். இரண்டும் உண்மை. ஹெல்மெட் போயிருக்கிறது, ஆள் போகவில்லை. கவசம் போயிருக்கிறது, வீரன் கூடாரத்தில் படுத்திருக்கிறான்.

போர்மேன் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். அடித்துப் பிடுங்கினேன் என்றே சொல்லலாம்.

“டேய், நான்தான்டா பேசுறேன். உன் ஹெல்மெட் எங்க?”

“ஆணியிலதாண்ணே…” என்றவன் நிறுத்தினான். கட்டிலிலிருந்து குதிக்கிற சத்தம். “காணோம்ணே.”

“மச்சான் எங்க?”

“தூங்குறான். அவனுக்கு இன்னைக்கு ஆஃப்.”

“திரையை விலக்கிப் பாருடா!”

பெட்ஷீட் கம்பியில் இழுபடுகிற கிர்ரென்ற சத்தம் கேட்டது. எங்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் போன் பக்கம் நெருங்கி வந்தார்கள்.

“அண்ணே…” அவன் குரல் அவன் குரலாக இல்லை. “அண்ணே, தலகாணிய வச்சுப் போத்திருக்கான்ணே. மச்சான் இல்லண்ணே. என் கார்டு, டோக்கன் ரெண்டையும் காணோம்ணே.”

அதற்குமேல் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சேஃப்டி ஆபீசர் ரேடியோவில் கத்திக்கொண்டே ஓட, நகர்ந்த வண்டி நின்று திரும்பியது. போனைப் போர்மேன் கையில் திணித்துவிட்டு நானும் கூடவே ஓடினேன். ஓட்டையருகே என்னைத் தடுத்து நிறுத்தினார்கள். இரண்டு பேர் முகமூடியோடு உள்ளே நுழைந்தார்கள். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, என் வழக்கமான இடத்தில், வெளியே நின்றேன். போனில் வெல்டர் கத்துவது பின்னாலேயே வந்து நின்ற போர்மேனின் கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை.

முதலில் ஹெல்மெட்தான் உருண்டு வந்தது. அப்புறம் அவன். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் அழுத்தினார்கள், முகத்தில் ஆக்சிஜனை வைத்தார்கள். எனக்கு அந்தக் கதை மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கதையில் அந்தக் கூட்டாளி கப்பலைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கேட்காமல் கோட்டை மதில்வரை போய் எதிரி இளவரசன் மூத்தவன் கையால் செத்தான். இவனும் கார்டைத் தட்டி, டோக்கனைக் கொடுத்து, மேலேயே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். மாப்ள பெயரில் வேலையும் நடந்ததாக இருக்கட்டும் என்று அடிப்பள்ளம்வரை இறங்கியிருக்கிறான். உயிர்ச் சிநேகக்காரர்கள் எந்த ஊரானாலும் இப்படித்தான் போலிருக்கிறது.

ஒருமுறை இருமினான். ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது.

அன்று மாலையே போர்மேன் எங்கள் ரூமுக்கு வந்து, ரைஸ் குக்கரை வெல்டரின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாராம். கதையிலும் பெரிய ராஜா பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிறான், எல்லாம் முடிந்த பிறகு. எங்கள் ரூமில் அந்தக் குக்கரில் யாரும் சோறு வைக்கவில்லை.

நானும் வெல்டரும் அப்போது ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் இருந்தோம். அவன் செருப்பில்லாமல் டாக்சி பிடித்து வந்திருந்தான். கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

“நேத்து நீங்க சமையல்கட்டுல சொன்னது எனக்கும் கேட்டுச்சுண்ணே. அந்தக் கூட்டாளி என்ன ஆனான்?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. “செத்துட்டான்டா. குதிகால்காரன் மண்ணை அள்ளித் தலையில போட்டுக்கிட்டு அழுதான். அந்த அழுகை கடலுக்கு அடியில இருந்த அவங்கம்மாவுக்கே கேட்டுச்சாம்” என்றேன்.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்குவதை மட்டும் பார்த்தேன். அவன் முதுகில் கை வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

ஃபிட்டர் கண் விழிக்க நாளாயிற்று. அதற்குள் கம்பெனி இருவரையும் ஊருக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருந்தது. அடுத்தவன் கார்டைப் போட்டு உள்ளே போனது பெரிய குற்றம், ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டதே பெரிது என்றார்கள். வெல்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தங்கை கல்யாணம் என்று நான் ஆரம்பித்தபோது, “ஆள் இருந்தா கல்யாணம் நடக்கும்ணே” என்று முடித்துவிட்டான்.

பார்க்க விட்ட அன்று கட்டிலுக்கு இரு பக்கமும் உட்கார்ந்தோம். ஃபிட்டருக்குக் குரல் இன்னும் சரியாகவில்லை. வெல்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். வெல்டர் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஃபிட்டர் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

“அண்ணே, அன்னைக்குப் பாதியில விட்டீங்களே… கவசத்த மாட்டிக்கிட்டுப் போனானே, அந்தக் கூட்டாளி. திரும்பி வந்தானா?”

நான் வாயைத் திறந்தேன். வெல்டர் முந்திக்கொண்டான்.

“வந்துட்டான் மச்சான். குதிகால்காரனே போய்த் தூக்கிட்டு வந்துட்டான். ரெண்டு பேரும் அந்தச் சண்டையே வேணாம்னு ஒரே கப்பல்ல ஊருக்குப் போய்ட்டாங்க.”

ஃபிட்டர் என்னைப் பார்த்தான். கதையில் ஒரு சொல் மாறினாலும் நான் சண்டைக்கு வருவேன் என்று அவனுக்குத் தெரியும்.

“அப்படியாண்ணே?”

“ஆமா தம்பி” என்றேன். “அப்படித்தான்.”